இடது கதவுக்குக் கீழே வெற்றிலையளவு கறள்

கரவெட்டியில் தம்பிஐயா என்று விசாரித்தால், "லொறித் தம்பிஐயாவோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். இப்போது அவரிடம் லொறி இல்லை. மாட்டுவண்டியில் வெங்காயம் ஏற்றுகிறார். சென்ற மாசியில் என் ஐயாவின் செத்தவீட்டில் ஒருவர், "உவன்ரை விளையாட்டுச் சாமான்தான் ஆளைக் கொண்டுபோனது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பிஐயா மறுக்கவில்லை. அன்று எங்கள் வாசற்படலையைத் தாண்டிப் போனவர் பிறகு உள்ளே வரவே இல்லை. அவர் மறுக்காததால்தான் இதை எழுதுகிறேன். நடந்தது வேறு. அதில் முதல் பொய் என்னுடையது.

என் ஐயாவின் பெயர் பஞ்சலிங்கம். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு பழைய காரை வாங்கி, அதன் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு வேப்பம் பலகையில் பெட்டி அடித்தார். முன்னால் கார், பின்னால் லொறி. நீல நிறம். அதில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றி வல்லைவெளி தாண்டி, அச்சுவேலி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாணம் போய்வருவார்கள். சாரதி தம்பிஐயா. தூரத்து உறவு. ஐயாவை அண்ணை என்பார். எனக்கு அவர் மாமா முறை.

லொறி வந்த முதற்கிழமை ஐயா தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, நேரே கிணற்றுக்கட்டில் கொண்டுபோய் இடித்தார். இடது முன்சில்லுக்கு மேலிருந்த மட்காட் நெளிந்து உள்ளே போயிற்று. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தபோது தம்பிஐயாதான் ஓட்டும் இடத்தில் இருந்தார். எப்படி அந்த நொடியில் இடம் மாறினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினொரு வருடமாக ஐயா அந்த நெளிவைக் காட்டி, "உது இவன் அடிச்சது" என்பார். "ஓம் அண்ணை, நான்தான். எனக்குக் கண் தெரியேல்லை" என்பார் தம்பிஐயா. இரண்டு பேரும் முகத்தில் சிரிப்பைக் காட்டமாட்டார்கள். அம்மா மட்டும் சிரிப்பார். அவருக்கு எல்லாம் தெரியும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் ஒரு படக்காரர் லொறியோடு நிறுத்திப் படம் பிடித்துத் தருவதாகச் சொன்னாராம். ஐயா மறுத்துவிட்டார். "இருக்கிறதுக்கு என்னத்துக்குப் படம்?" எங்கள் வீட்டில் சுவரில் தொங்கியது ஒரே ஒரு படம். ஐயாவின் தகப்பன், அப்புவின் படம். அதுவும் அவர் இறந்த பிறகு, பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து ஓவியர் ஒருவர் கீறியது. எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் அப்படித்தான். சுவரில் இருப்பவர் இல்லாதவர்.

1942ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் தெளிந்தது. கால் தெளியவில்லை. இடக்கால்தானே கிளச்சை மிதிக்கும் கால். தம்பிஐயா ஒரு செங்கல்லைச் சீலைத்துணியால் சுற்றி, கட்டிலின் கால்மாட்டில் சாய்த்து வைத்தார்.

"இதுதான் கிளச், அண்ணை. காலமை அம்பது தரம் மிதியுங்கோ."

"நீ எனக்கு றைவிங் பழக்கிறியோ?"

"கிணத்துக்கட்டு இல்லாத இடமாப் பாத்துத்தான் பழக்கிறன்."

ஐயா சிரித்தார். ஒவ்வொரு காலையும் மிதித்தார். முதலில் கால் அசையவே இல்லை. சித்திரையில் கல் ஒரு விரற்கடை நகர்ந்தது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆவணிக்குள் லொறியில் ஏறிவிடுவேன் என்றார். நாங்களும் நம்பினோம்.

வைகாசியில் அரசாங்கக் கடதாசியோடு மூன்று பேர் வந்தார்கள். யுத்த காலம், பலாலியில் விமானத்தளம் போடும் வேலைக்கு லொறிகள் தேவையாம். எங்கள் லொறியோடு இன்னும் நாலு லொறிகளின் இலக்கங்கள் அந்தக் கடதாசியில் இருந்தன. அவர்களில் ஒருவர் தம்பிஐயாவிடம், "நீரும் வாரும். இந்த லொறியையே நீர் ஓட்டலாம். சம்பளம் உண்டு" என்றார். தம்பிஐயா ஐயா படுத்திருந்த அறையின் யன்னலைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியால் முன்கண்ணாடியைத் துடைத்தார். "நான் வரேல்லை" என்றார். வேறொருவன் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். கியர் போடத் தெரியாமல் போட்டான். அந்தச் சத்தத்தில் தம்பிஐயாவின் முகம் சுருங்கியது.

உள்ளேயிருந்து ஐயா கத்தினார். "ஆரடா அது என்ரை லொறியை எடுக்கிறது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான்தான் உள்ளே ஓடினேன். "பெட்டிப் பலகை மாத்தக் கொண்டு போகினம் ஐயா. நெல்லியடிக்கு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்தச் செங்கல்லைப் பார்த்தேன், வாயில் வந்தது.

பொய்யைத் தொடங்கியவள் நான். சுமந்தவர் தம்பிஐயா. ஒரு கிழமை கழித்து அவர் வந்து, லொறி திரும்பி வந்துவிட்டது, கொட்டிலுக்குள் நிற்கிறது, பெற்றோலுக்குக் கூப்பன் இல்லாததால் ஓட்டவில்லை என்றார்.

"அப்ப நெல்லியடியிலை இருந்து என்னெண்டு வந்தது?"

"மாட்டிலை கட்டி இழுத்தனாங்கள்."

"என்ரை லொறியை மாட்டிலை கட்டினியோ? ஊர் பாக்கவோ?"

"பின்னேரம் மங்கின பிறகுதான் அண்ணை. ஒருத்தரும் பாக்கேல்லை."

ஐயா அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. மறுநாள் காலையில், "மாடு உதைச்சதோ?" என்று கேட்டார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் தம்பிஐயா வருவார். முதலில் கொட்டிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அங்கே தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. பிறகு உள்ளே வந்து ஐயாவுக்கு லொறியின் நிலைமையைச் சொல்வார். ஓடாமல் நிற்கும் லொறி புதிதுபோல் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மாதம் போகப் போக அதற்கு வயது ஏற்றினார். ஆனியில் பலகையில் ஒரு வெடிப்பு. ஆடியில் இடது கதவுக்குக் கீழே துருவேறிக் கறள்.

"எவ்வளவு கறள்?"

"ஒரு வெத்திலையளவு அண்ணை."

"தேங்காயெண்ணெய் பூசு. பரவ விடாதை."

"ஓம் அண்ணை."

அடுத்த கிழமை ஐயா மறக்காமல் கேட்பார். கறள் பரவவில்லை என்று தம்பிஐயா சொல்வார். இல்லாத கதவுக்கு எண்ணெய் பூசிக் கறளை நிறுத்தி வைத்திருந்தார்.

ஆவணி வந்தது. கல் நாலு விரற்கடை நகர்ந்தது. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஐயா ஒரு நாள், "என்னைக் கதிரையிலை வைச்சுக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கோ. ஒருக்காப் பாக்கோணும்" என்றார். வைத்தியர் அசைக்க வேண்டாம் என்றார் என்று அம்மா சொன்னார். பிறகு மழை என்றோம். பிறகு கதிரைக்குக் கால் உடைந்துவிட்டது என்றேன். சொல்வதற்கு வேறு காரணம் இல்லாமற் போனது.

அப்போதுதான் தம்பிஐயா எங்கள் லொறியைப் போலவே ஒரு சின்ன லொறியைச் செய்யத் தொடங்கினார். "அண்ணை லொறியிட்டைப் போகேலாது. லொறி அண்ணையிட்டை வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதையும் சொல்ல வேண்டும். மூன்று பேரில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

அளக்க லொறி இல்லை. அவர் தன் உடம்பால் அளந்தார். பதினொரு வருடம் கழுவியவர் அல்லவா? எஞ்சின் மூடி தன் இடுப்பு உயரம். மிதிபலகை முழங்காலுக்கு நாலு விரல் கீழே. பெட்டியின் மேல்விளிம்பு தோள்மூட்டு. எல்லாவற்றையும் முழத்தில் கணக்கிட்டு, ஒரு முழத்துக்கு ஓர் அங்குலம் என்று குறைத்தார். ஒன்பது முழ லொறி ஒன்பது அங்குலமாயிற்று. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஈயத்தால் பற்றவைத்தார். சில்லுகள் பூவரசங்கட்டை, அவற்றின் மேல் சைக்கிள் ரியூப். முன்விளக்குகளுக்குத் தன் கலியாணச் சட்டையிலிருந்து இரண்டு சிப்பிப் பொத்தான்களைக் கழற்றினார்.

அதை அவருடைய மனைவி சின்னத்தங்கம் மாமி கண்டுவிட்டார். "ஒன்பது வரியத்திலை எனக்கொரு பெட்டகம் செய்து தந்தியளோ? செத்த லொறிக்குப் பொத்தான் வைக்கிறியள்."

"சாகேல்லையடியப்பா. பலாலியிலை மண் ஏத்துது."

"அப்ப நீங்களும் போயிருக்கலாமே."

அவர் தகரத்தை அராவிக்கொண்டிருந்தார்.

கறள்தான் அவரை அதிகம் பாடுபடுத்தியது. சாயத்தில் தீட்டினால் அது கறள்போல் இல்லை. தகரத் துண்டைப் பருத்தித்துறைக் கடற்கரையில் ஈர மணலுக்குள் புதைத்து வைத்து, நாலாம் நாள் சைக்கிளில் போய் எடுத்துவந்தார். அதில் துவரம்பருப்பு அளவு ஓர் இடம் நன்றாகப் பிடித்திருந்தது. அந்த இடம் இடது கதவுக்குக் கீழே வரும்படி வெட்டிப் பொருத்தினார். வெற்றிலையைப் பதினெட்டில் ஒன்றாக்கினால் அவ்வளவுதான் வரும் என்றார். சலவை நீலத்தைச் சுண்ணாம்போடு கலந்து வெளிறிய நீலம் அடித்தார். எங்கள் பக்கத்து மண் லொறியின் அடியில் ஒட்டும் மண்ணின் நிறமில்லை என்று அச்சுவேலிக்குப் போய் ஒரு பிடி செம்மண் கொண்டுவந்து, குழைத்து அடிப்பக்கத்தில் பூசினார். பின்பலகையில் நான் எட்டு வயதில் ஆணியால் கீறிய 'அ' கூட இருந்தது. கடைசியாக, ஆணி முனையால் மெல்லத் தட்டி இடது மட்காட்டை நெளித்தார்.

விளக்கீட்டுக்கு இரண்டு நாள் முன்பு, கார்த்திகையில், அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஐயா வலக்கையால் வாங்கினார். மார்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். விரல் நேரே மட்காட்டுக்குப் போயிற்று.

"உது நீ அடிச்சது" என்றார்.

"ஓம் அண்ணை, நான்தான்."

ஐயா சிரித்தார். உடம்பு குலுங்கிச் சிரித்தார். கவிழ்த்துப் பார்த்தார். "அச்சுவேலி மண்!" என்றார். 'அ'வைத் தடவி என்னைப் பார்த்தார். கதவுக்குக் கீழே பார்த்தார். "வெத்திலையளவு" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் போட எழுந்தார். அவ்வளவு நல்ல பின்னேரம் அந்த வருடத்தில் எங்களுக்கு வரவில்லை.

பிறகு லொறியைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயாவின் கண் மேலே போய்ச் சுவரிலிருந்த அப்புவின் படத்தில் நின்றது. நெடுநேரம் நின்றது. திரும்ப லொறிக்கு வந்தது.

"தம்பிஐயா."

"ஓம் அண்ணை."

"எப்ப கொண்டு போனவங்கள்?"

அம்மா கதவடியில் நின்றுவிட்டார்.

"இருக்கிற சாமானுக்கு ஆரடா உருவம் செய்யிறது? சொல்லு. எப்ப?"

தம்பிஐயா என்னைப் பார்த்தார். "வைகாசியிலை ஐயா" என்றேன் நான்.

ஐயா கணக்குப் பார்த்தார் போலிருந்தது. "அண்டைக்குக் கேட்ட சத்தம்" என்றார். பிறகு தம்பிஐயாவிடம், "அப்ப நீ சொன்ன கறள்?"

"நான் நினைச்சுச் சொன்னது அண்ணை."

"வெடிப்பு?"

"அதுவும்."

ஐயா கதவுக்குக் கீழே இருந்த அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். "நல்லாத்தான் நினைச்சிருக்கிறாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தம்பிஐயா தாங்கியிருப்பார். சின்ன லொறியை ஐயா என்னிடம் நீட்டினார். "இதை வீட்டுக்குள்ளை வைக்காதை பிள்ளை. அது நிக்கிற இடத்திலை கொண்டுபோய் விடு."

கொட்டிலுக்குப் போய் எண்ணெய்க் கறையின் நடுவில் அதை வைத்தேன். நான் திரும்பி வந்தபோது தம்பிஐயா போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை ஐயா கல்லை மிதிக்கவில்லை. அம்மா நினைவூட்டினார். "என்னத்துக்கு?" என்றார். மூன்றாம் நாள் கல்லை எடுத்துவிடச் சொன்னார். தம்பிஐயா முன்போல நாள்தோறும் வந்து கட்டிலடியில் இருப்பார். ஐயா அவரை ஏசவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. மாசியில் ஐயா போய்விட்டார்.

அந்த உருவம் வராமல் இருந்திருந்தால் ஐயா எழும்பியிருப்பாரா? எனக்குத் தெரியாது. வைத்தியரும் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடம் தான் செய்யாத இடியைத் தன்னுடையது என்று சொன்ன மனிதர், இந்தச் சாவையும் அப்படியே தன்மேல் எடுத்துக்கொண்டார். லொறியோடு போகச் சொன்னபோது போகாமல் நின்றவர் அவர். பலாலிக்குப் போயிருந்தால் இன்று அந்த லொறியில் இருந்திருப்பார்.

சென்ற கிழமை மழைக்குப் பிறகு கொட்டிலைப் பார்த்தேன். ஒழுக்கு விழுந்து சின்ன லொறி நனைந்திருந்தது. அவர் செய்த கறளுக்கு அப்பால், வலது கதவுக்குக் கீழே புதிதாக ஒரு புள்ளி.

நான் நேரே அவரிடம் போனேன். வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் ஒரு சொல்கூட எங்களோடு பேசாதவர். வருந்துகிறேன், முதல் பொய் என்னுடையது என்றெல்லாம் சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துப் போனேன். வாயில் வந்தது வேறு.

"மாமா, வலது கதவுக்குக் கீழை கறள் பிடிச்சிருக்கு."

அவர் நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"கடுகளவு."

நுகக்கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். "அப்ப, லொறியிலை ஒரு சதக் காசளவு" என்றார். முகத்தை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தேங்காயெண்ணெய் பூசு பிள்ளை. பரவ விடாதை."