சுவரில் இறங்கிய நீலக்கோடு

சந்தேகம் என் கூடப்பிறந்தது. காரைக்குடியில் எங்கள் பெரிய வீடு பங்காளிகள் ஐந்து பேருக்குப் பொது. ஆளுக்கு ஓர் அறை. பெரியப்பா மகனான அண்ணன், பக்கத்திலிருந்த தன் அறைக்குள், எங்கள் நடுச்சுவரை ஒட்டிக் குளியலறை கட்டினார். அடுத்த கோடையில் அந்தச் சுவரில், என் பக்கம், பூச்சு உப்பிப் பெயர்ந்தது. மழையே இல்லாத நாளில் சுவர் நனைகிறதென்றால் வேறு யார் வீட்டுத் தண்ணீர்?

"குழாயெல்லாம் பாத்துட்டேன்டா, ஒழுக்கு இல்ல" என்றார். நான் நம்பவில்லை.

விசேஷங்கள் நடக்கும் பொது முற்றமான வளவைத் திறக்கும் சாவி, வருஷத்துக்கு ஒரு பங்காளியிடம் இருக்கும். அந்த வருஷம் என் முறை. ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "குளியலறைய இடிங்க, சாவி தாரேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி நடந்தார். மாட்டிக்கொண்டவர் நழுவுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க, அகச்சிவப்புக் கேமரா வைத்திருப்பவரைத் திருப்பத்தூரிலிருந்து வரவழைத்தேன். மில்களில் மின்பெட்டிக்குள் எந்த இணைப்பு சூடேறுகிறதென்று பார்த்துச் சொல்வது அவர் தொழில்.

"இது வெளிச்சத்தப் பாக்காதுங்க, சூட்டப் பாக்கும். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர விட்டுக்கிட்டே இருக்கு. சூட்டுக்குத் தக்கன அது கூடும், குறையும். ஈரம் காயுற எடம் குளுந்து கெடக்கும், இதுல நீலமாத் தெரியும்" என்றார்.

வாசலில் அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்ததைக் கவனித்திருந்தேன். ஆளைச் சரிக்கட்டிவிட்டாரோ? சோதித்துவிடலாமென்று, கேமராக்காரர் திரும்பியிருந்த நேரம், சுவரின் காய்ந்த மூலையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன். "இங்குட்டும் பாருங்க" என்றேன். திரையில் ஐந்து விரலும் மஞ்சளாகத் தெரிந்தன.

"இப்ப இங்க கை வச்சீகளா?" என்று கேட்டார். கருவியை நம்பினேன். ஆளை இன்னும் நம்பவில்லை.

அண்ணன் அறைக்குப் போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கச் சுவர் முழுக்க ஒரே நிறம், நீலமே இல்லை. என் அறைக்குத் திரும்பி வந்து, "உங்க ஏசியப் போடுங்க" என்றார் கேமராக்காரர். கால்மணி நேரம் போயிருக்கும். ஏசிக்குப் பின்னாலிருந்து மெல்லிய நீலக்கோடு ஒன்று சுவருக்குள்ளேயே கீழே இறங்கி, உப்பிய இடத்தில் பரவியது.

ஏசித் தண்ணீர் வடிகிற குழாய் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று சுவருக்குள் புதைக்கச் சொன்னவன் நான். "சுவத்துக்குள்ள வேணாம்டா" என்று அண்ணன் அன்றைக்கே சொன்னார். என் அறையில் இவருக்கென்ன அக்கறை என்று அதையும் சந்தேகப்பட்டிருந்தேன்.

சாவியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தலையைக் குனிந்துகொண்டு நீட்டினேன். அவர் சாவியைத் தொடவில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்தார். கல்யாணம் பிள்ளையார்பட்டியில் ஒரு மண்டபத்தில் என்று போட்டிருந்தது. கீழே, வரவை எதிர்நோக்கும் பங்காளிகள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

"நேத்தே அடிச்சு வந்துருச்சுடா" என்றார்.