மூடியில் துளை போட்டவர்

வேங்கிக்காலில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் அடி அண்ணாமலையிலிருந்து, வருஷக்கணக்காக என்னிடம் உண்ணி மருந்து வாங்கும் மாட்டுக்காரர் ஒருவர் வந்தார். ஒட்டடைக்குச்சி போல உயரம். வாய் திறக்குமுன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொள்ளும் பழக்கம். ஊறுகாய் பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளே மாட்டு உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மூடியில் ஆணியால் போட்ட துளைகள்.

"இதுங்கள உங்க மருந்துல முக்கியெடுத்து மூணு நாளாச்சுங்க. ஒண்ணுகூட சாவல. கன்னுக்குட்டி ரத்தமில்லாம வெளுத்துப்போச்சு."

"மூடியில எதுக்குங்க ஓட்டை?"

"மூச்சு முட்டி செத்துட்டா, மருந்துல செத்துச்சுன்னு சொல்லிடுவீங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டு டாக்டர் ஒருவர் எப்போதோ சொன்னதையே சொன்னேன். ஒரே மருந்தை வருஷக்கணக்கில் அடித்தால், அதற்குச் சாகாத உண்ணிகள் மட்டும் தப்பிப் பெருகும். இனி வேறு மருந்துதான்.

அவர் மறுபடி கைகளைத் துடைத்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான்தான் இதுங்கள வளத்தேனா?"

வேறு மருந்தை வாங்கிக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னைக் குற்றம் சொல்லத்தான் வந்தார். பழியை ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார்? அத்தனை வருஷமும் அதே மருந்தை எடுத்துக் கொடுத்த நான் ஏன் பேசாமல் நின்றேன்? இரண்டுமே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.