பங்குனி வெயிலில் வாங்கிய ஸ்வெட்டர்

பங்குனி மாதத்தில் திருநெல்வேலிப் பக்கம் யாராவது ஸ்வெட்டர் வாங்குவார்களா என்று கேட்காதீர்கள். நான் வாங்கினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டுப் பெண். அவளும் அவள் பிள்ளையும் இதில் வருகிறார்கள், அதனால் ஒழுங்காகத்தான் எழுதுவாள்.

வள்ளியூரில் ஒரு சடங்கு வீடு. பந்தியில் பாயசம் நன்றாக இருந்தது, அதைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். திரும்பும்போது பஸ்ஸைக் காணோம். தரை கொதித்தது. ஒரு ஜவுளிக் கடை நிழலில் ஒதுங்கினேன். மார்கழிக்குக் கொண்டுவந்து விற்காமல் போன கம்பளித் துணிகளை வாசலில் குவித்துப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார் கடைக்காரர். குவியலுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு குட்டிக் கை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். கைக்குழந்தை ஸ்வெட்டர். தொப்பியில் முயல் காது வேறு!

“இந்த வெயில்ல யாருக்கு ஆச்சி?” என்றார் கடைக்காரர்.

“குளிர் வரும்லா அண்ணாச்சி? அப்ப இந்த விலைக்கா தருவீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். “முறுக்கிப் பிழிஞ்சிராதீங்க. கொடியிலயும் போடாதீங்க, தொங்கிப் போவும்” என்றார்.

பஸ் நாங்குநேரி தாண்டும்வரை எனக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகுதான் புத்தியில் உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்!

என் மகள் கனடாவில் இருக்கிறாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அந்த வாரம்தான் போனில் சொல்லியிருந்தாள். முந்தின தடவை தொட்டில், உடுப்பு, காலுறை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி அடுக்கினாள். ஐந்தாம் மாதம் அது தங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்து வைப்பது எங்களுக்கு ஆகாது. பிறந்த பிள்ளைக்கே முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். இதை அப்போதே மகளிடம் படித்துப் படித்துச் சொன்னவர் மைனி. மைனி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்காள், எங்களோடுதான் இருக்கிறார். கூடச் சேர்ந்து சொன்னவள் நான். இப்போது என் மடியில் முயல் காது.

திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மைனி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்வெட்டரைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, பத்தமடைப் பாயில் படுக்கப்போட்டு நிழலில் உலர்த்தினேன். அது என் கல்யாணப் பாய். அதில் யாரையும் உட்கார விடமாட்டேன். பாச்சை உருண்டை போடவில்லை, அந்த நெடி பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. வசம்புதான் வைத்தேன். பிள்ளைக்குக் கையில் கட்டுவதும் அதுதான், துணியைப் பூச்சி அரிக்காமல் காப்பதும் அதுதான். பழைய வேட்டியில் சுற்றி, முறுக்கு டின்னில் போட்டு இறுக மூடி, கொலுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஒளித்தால் போதுமா? இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து ஒரு தடவை திறப்பேன். பூச்சி இருக்கிறதா என்று உதறுவேன், மோந்து பார்ப்பேன், மூடுவேன். போன் அடித்தால் கை போனுக்குப் போகாது, டின்னுக்குப் போகும். மைனிக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது மங்கலில்லை.

“ஏட்டி, மூடி சத்தம் கேக்கே. தினமும் ஒத்தையில முறுக்கு திங்கியோ? எனக்கு ஒண்ணு தரக் காணும்.”

“பழைய முறுக்கு மைனி. சிக்கு வாடை அடிக்கி.”

“அப்ப நீ மட்டும் எதுக்குத் திங்க?”

ஆடி பிறந்தது. ஐந்தாம் மாதம். மகள் போன் பண்ணினாள். “எம்மா, லேசா ரத்தம் பட்டிருக்கு. எந்திரிக்கவே கூடாது, படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்றாள். என் ஸ்வெட்டர்தான், வேறென்ன? டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நேரே ஆற்றுக்குப் போய்த் தாமிரபரணியில் விட்டுவிட்டு வருவது என்று முடிவு.

வாசலில் மைனி.

“முறுக்க எங்க கொண்டு போற?”

வாங்கித் திறந்தார். காதைத் தடவிப் பார்த்தார். கையைத் தடவிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“புதுசா இருந்தாத்தானட்டி குத்தம்?” என்றார் மைனி. “பழசாக்கிருவோம்.”

இப்போதுதான் எழுதுகிற பெண் வருகிறாள். அவளுக்கு அப்போது பல் முளைக்காத மகன். மைனி டின்னோடு போய் அவள் வீட்டில் நின்றார்.

“பெரியாச்சி, இந்தப் புழுக்கத்துல கம்பளியா? பிள்ளை வெந்துருவான்!”

“செத்த நேரம்தான். ஃபேன நல்லா வையி. ஒருத்தன் போட்டுக் கழட்டுனா அது பழசு.”

பிள்ளை நல்ல சதைப் பிடிப்பு. கையை நுழைப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது. முயல் காதோடு எங்களை முறைத்துப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை, காலையில் குடித்த கேழ்வரகுக் கூழை நெஞ்சு நிறையக் கக்கினான்.

“ஐயோ, கறை!” என்றேன்.

மைனி கையைத் தட்டினார். “இனி எவளாவது இத புதுசுன்னு சொல்லட்டும் பாப்போம்!”

எத்தனை அலசியும் நெஞ்சில் தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம் நின்றுவிட்டது. மறுபடி பாய், மறுபடி வசம்பு, மறுபடி டின். அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். மகள் படுத்தே கிடக்கிறாளே. ஐப்பசி அடைமழையில் சுவரெல்லாம் ஈரம். பூஞ்சை பிடிக்குமோ என்று டின்னை ஃபிரிட்ஜ் மேலே ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் உள்ளே புது வசம்பு, வேட்டி வேறு மாதிரி மடித்திருந்தது. மைனியும் திறக்கிறார்! கேட்டால், “நான் எதுக்குத் திறக்கேன்? முறுக்கா இருக்கு?” என்கிறார்.

“பழசாயிட்டுல்லா மைனி, மகளுக்கு இப்பவே அனுப்பிருவோமா?” என்று ஒரு நாள் கேட்டேன். “பிள்ளை அழுத சத்தம் கேக்காம டின்னு வாசல் தாண்டக் கூடாது” என்றுவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் கேட்டது. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் கடை திறக்கும் முன்பே இரண்டு பேரும் கூரியர் கடை வாசலில் நின்றோம்.

“உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டான் அங்கிருந்தவன்.

“பழைய துணி” என்றார் மைனி. பட்டுச் சேலை என்று சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல்.

“பழைய துணிய கனடாவுக்கா?”

“ஆமா. உமக்கென்ன வே?”

பார்சல் போய்ச் சேரும்வரை நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். சேர்ந்தது. மகள் வீடியோவில் வந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்தான் போனைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. உள்ளே கட்டிலில், கை நீளத்தை மடக்கிவிட்ட மஞ்சள் ஸ்வெட்டரில் பிள்ளை தூங்கியது. மூக்கு யாரைப்போல என்று கூட நான் பார்க்கவில்லை. நெஞ்சைத்தான் பார்த்தேன்.

“கறை தெரியுதாட்டி?” என்றார் மைனி.

“தெரியுது மைனி.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தத் தவிட்டு வட்டம் பைய ஏறியது, பைய இறங்கியது, மறுபடி ஏறியது.

“தெரியுது மைனி,” என்றேன், “அசையுது.”