ஏழுக்கும் பதினாறுக்கும் நடுவே

பர்மாவில், லத்தா வட்டாரத்தில் ஒரு சந்துக்குள் எனக்கு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெலிவிஷனில் பார்க்க ஒன்றும் இருக்காது, பார்ப்பதற்குக் கரண்டும் இருக்காது. ஆகையால் சந்து முழுக்கப் படித்தது. எல்லாம் பர்மியப் புத்தகங்கள்; பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. எடுத்துப் போகிறவர்கள் குழம்புக் கையோடு பக்கத்தைத் திருப்புவார்கள். "இந்த இடத்தில் அழுகை வரும், கைக்குட்டை எடுத்து வைத்துக்கொள்ளவும்" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அடுத்தவரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். நான் திட்டாத வாடிக்கையாளர் அந்தச் சந்தில் யாருமில்லை.

எதிர்க் கட்டடத்து நாலாம் மாடிப் பெண்ணை மட்டும் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பேன். பதினைந்து வயதுத் தமிழ்ப் பிள்ளை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம். டீச்சரைக் கூப்பிடுவது போல என்னைச் "சயாமா" என்பாள். பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள். படித்ததை எடுத்துக்கொண்டு புதியதை வைத்தால் பை ஆடிக்கொண்டே மேலே போகும். இந்த ஊரில் மாடிவீட்டுக்காரர்களுக்குப் பேப்பரும் காய்கறியும் ஏறுவது அந்தக் கயிற்றில்தான்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அவ்வளவுதான், பிள்ளை திரும்பி வரவில்லை. அவள் கடைசியாக எடுத்த புத்தகம் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. அதைப் போய்க் கேட்க எனக்கென்ன பைத்தியமா?

ஏழாம் நாள் அவளுடைய அப்பா பிக்குகளை அழைத்துச் சோறு போட்டார். இங்கே இருக்கும் இந்துக்களில் பலரும் செய்வதுதான். சுற்றிலும் பர்மியர்கள், பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள், அவர்கள் மனசும் ஆற வேண்டாமா? ஏழில் அவர்கள் முறை, பதினாறில் நம் கருமாதி. அதுவரை அதில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சடங்கு முடிந்ததும் மூன்றாம் மாடிப் பர்மிய அம்மாள் அழுதுகொண்டே வாசல் பக்கம் திரும்பி, "மகளே, இங்கே உனக்கு இனி ஒரு கட்டும் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போ" என்றார். அது அவர்கள் வழக்கம், பிரியத்தோடு சொல்வது. பிள்ளையின் தாய்க்குக் கடைத்தெருவுக்குப் போதுமான பர்மியம்தான் தெரியும். ஆனால் "போ" என்ற சொல் கடைத்தெருவில் தினமும் கேட்கிற சொல். அவள் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் மத்தியானம் கயிறு இறங்கியது. பையில் அந்தப் புத்தகம். எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். மேலேயிருந்து தாயின் குரல் வந்தது.

"திருப்பிக் குடுக்கல அக்கா! அத எடுத்துக்கிட்டு மேல வாங்க!"

நாலு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தேன். சுவரோரம் விளக்கு எரிந்தது, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் பதினாறு எதற்கு, சுருக்கமாக முடித்துவிடலாம் என்று சொன்னவர்களுக்குத் தாய் காது கொடுக்கவில்லை.

"அக்கா, அவங்க நேத்தே போகச் சொல்லிட்டாங்க. நம்ம முறையில பதினாறு வரைக்கும் வீட்டுல இருக்கணும்ல? இப்ப எம்புள்ள இருக்காளா, போயிட்டாளா?"

நான் கிறிஸ்தவச்சி. எங்கள் சபையில் கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் சொல்வார்கள். அந்த முகத்துக்கு முன்னால் வேதம் பேசினால் நாக்கு அழுகித்தான் போகும். "அவங்க கணக்குல லீவு குடுத்துட்டாங்க. நம்ம கணக்குல இன்னும் குடுக்கல. அம்மா சொல்லாம எந்தப் புள்ள கெளம்பும்?" என்றேன்.

அவள் புத்தகத்தை விரித்து, ஓரம் மடித்திருந்த பக்கத்தைக் காட்டினாள். "இதுவரைக்குந்தான் படிச்சிருக்கா. மிச்சத்த நீங்க படிங்க. பாதிக் கதையோட அவ போகக் கூடாது. பதினாறுக்குள்ள முடிச்சிரணும்."

அப்போதுதான் அது என்ன புத்தகம் என்று பார்த்தேன். வாலிபப் பிள்ளைகளுக்காக எழுதிய மாயக் கதை. செத்த பிறகு போகிற ஊரைப் பற்றியது. அந்த ஊரில் மழை தரையிலிருந்து மேலே பெய்யும். படகு கவிழ்ந்து செத்துப்போன ஒரு சிறுமி அங்கே வந்து இறங்குகிறாள். ஊர்க்கோடியில் மலை, மலையில் ஒரு கதவு. அதைத் தாண்டியவர்கள் திரும்புவதில்லை. தாண்டாமல் இருந்தால் இந்த ஊரிலும் இல்லாமல் அந்த ஊரிலும் இல்லாமல் அலையலாம். மடித்த பக்கத்தில் அந்தச் சிறுமி மலையடிவாரத்தில் நிற்கிறாள்.

"வேற புஸ்தகம் கொண்டு வரட்டா தங்கச்சி?"

"அவ எடுத்தது இதத்தான அக்கா?"

தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஏறினேன். ஒரு பக்கம் பர்மியத்தில் வாசிப்பேன், அது பிள்ளைக்கு. பிறகு அதையே தமிழில் சொல்வேன், அது தாய்க்கு. அப்பா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரிப்பேரே இல்லாத குடையை ரிப்பேர் செய்துகொண்டிருப்பார்.

தாய்க்குக் கதையில் ஒரே கவலைதான். "அந்தப் புள்ள அங்க என்னத்தச் சாப்பிடுது?"

நானும் புரட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் சோறு இல்லை. "எழுதுனவனுக்கு வயிறே கெடையாது போல" என்றேன். அன்றிலிருந்து விளக்கின் முன்னால் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று தன் மகளுக்கு, ஒன்று கதையில் வருகிற சிறுமிக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பிறகு அதையே நினைத்து அழுகையும் வந்தது.

கருமாதிக்கு முந்தின நாள் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. சிறுமி மலை ஏறிவிட்டாள், தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். தாய் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும் அக்கா."

"நாளைக்குக் கருமாதி. நீதான பாதியில விடக்கூடாதுன்ன?"

"முடிவு தெரியலேன்னா அதக் கேக்கறதுக்காவது இங்கயே இருப்பா."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரமாக மாடி ஏறி முழங்கால் தேய்ந்த கோபம். "அப்ப அவள அந்தக் கதவுகிட்டயே நிக்க வெக்கப்போறியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். குடையைப் பிடித்திருந்த அப்பாவின் தோள் குலுங்கியது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில், மனசு கேட்காமல் மறுபடி ஏறினேன். கூடத்தில் ஐயர் வந்து உட்கார்ந்திருந்தார், எள்ளும் மாவும் பிசைந்துகொண்டிருந்தார்கள். தாய் தலைகுளித்து ஈரத்தலையோடு விளக்கின் முன் இருந்தாள். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை நீட்டினாள். "படிச்சிருங்க அக்கா. பாவம், எவ்வளவு நேரம் நிப்பா."

கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் பர்மியத்தில் வாசித்துவிட்டு, வழக்கம்போலத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"தமிழ்ல வேணாம். அவளுக்கு மட்டும் படிங்க."

"உனக்கு முடிவு தெரிய வேணாமா?"

"நான் அங்க போறப்ப அவளே சொல்லட்டும்."

ஐயர்கூடக் கையை நிறுத்திவிட்டார். நான் மிச்சப் பக்கங்களைப் பர்மியத்திலேயே படித்தேன், வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக. பாதிச் சொல்கூட விளங்காமல் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு நல்லதா கெட்டதா என்று முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, கடைசி வரி வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவேயில்லை.