என்னை நிறுத்திய தெருமுனை

சந்தைகளில் நின்று சுவிசேஷம் சொல்லுகிற சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கங்கைகொண்டான் பக்கத்துச் சந்தையில் நான் பிடில் வாசித்து, கீர்த்தனை பாடி, பிரசங்கித்தபோது மாடசாமி என்ற விவசாயி கண்ணீர் வடிய நின்று கேட்டார். "எங்க ஊருக்கு வாரும் ஐயா. தெருவே வேதத்துல சேரக் காத்துக்கெடக்கு" என்றார். ஒரு தெருவே கிறிஸ்தவர்களாகப் போகிற சந்தோஷத்தில் அன்று எனக்குச் சாப்பிடவே தோன்றவில்லை.

ஊருக்குப் போனதும் மாடசாமி என்னைப் பண்ணையார் வீட்டுத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். "இங்கன நின்னு சத்தமாப் பாடும்" என்றார். அவர் தெருவார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பண்ணையார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தொண்டை கட்டும் வரை பாடினேன்.

மறுவாரம் உபதேசம் சொல்லப் போனேன். கேட்க ஒருவரும் வரவில்லை. மாடசாமி தெருப் பெண்கள் பண்ணையார் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடசாமி பைய என் பக்கம் வந்தார். "எங்கள அண்டவிடாத கெணறு ஐயா. நாங்க வேதத்துல சேந்திருவோம்னு பயந்து இப்பத் தொறந்துவிட்டுட்டாரு. இனி நீரு வந்தா, பேச்சு மீறிட்டோம்னு மறுபடி அடைச்சிருவாரு. போயிரும்."

"அன்னைக்குச் சந்தையில அழுதீரே?"

"அது தண்ணிக்கு அழுதது."

வெயிலில் நடந்து வந்தவனுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு தரக்கூட யாரும் முன்வரவில்லை.

இப்போது யார் அழுது அழைத்தாலும், "உங்கள் ஊர்க் கிணறு யாருடையது?" என்று முதலில் கேட்கிறேன். பதில் வந்த பிறகே பிடிலை எடுக்கிறேன்.