தங்கம் என்று அடித்த பிளக்ஸ்

ஒச்சாண்டிக்கு எதிலும் அவசரம். ஓடைப்பட்டியில் என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுடையது. பங்காளி முறை, என்னை அண்ணே என்பான். பழத்தில் இனிப்பு ஏறுவதற்குள் மழைக்குப் பயந்து திராட்சையை வெட்டச் சொல்லிவிடுவான். வியாபாரி புளிக்கிறது என்று விலையை இறக்கியதும் என்னிடம் வந்து புலம்புவான். அவசரக்குடுக்கை என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமையாக இருந்தான். அது அவன் மகள் மகாலட்சுமியின் கூடைப்பந்து.

அதற்கும் லேசில் வழி கிடைத்துவிடவில்லை. அவன் மனைவி பஞ்சம்மாளின் அண்ணன் சுருளி, வயசுக்கு வந்த பிள்ளையை டவுசர் மாட்டி ஆட விடுவதா என்று வாசலில் நின்று கத்திவிட்டு, இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று போனவர்.  ஒச்சாண்டி மகளை விளையாட்டு விடுதியில் சேர்த்தான். ஷூ கிழிந்தது என்றால் தேனிக்கு ஓடி வாங்கிக் கொடுத்தான். யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு, ஆனால் இந்த ஒன்றுக்காகக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்த வருஷம் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு அணிக்கு மகா ஆடினாள். போட்டி வடக்கே எங்கேயோ நடந்தது. அரையிறுதியில் ஜெயித்த சேதி ஒரு சாயங்காலம் வந்தது. மறுநாள் கேரளாவோடு இறுதி ஆட்டம். இவன் சும்மா இருந்தானா? முகூர்த்த மாசம், பிளக்ஸ் கடையில் கல்யாணக் கூட்டம், நாளைக்குப் போனால் இழுத்தடிப்பான் என்று பைக்கை எடுத்துக்கொண்டு தேனிக்குப் பறந்துவிட்டான். ‘தேசிய அளவில் தங்கம் வென்ற எங்கள் வீட்டுத் தங்கமே’ என்று பெரிசாக அடித்து, காலையில் ஊர் எழுந்திருக்கும்போது பஸ் ஸ்டாப்பில் கட்டியும் முடித்திருந்தான்.

எங்கள் பக்கம் பிளக்ஸ் என்றால் கீழே சொந்தக்காரர்கள் முகம் வரிசையாக இருந்தாக வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனாலும் பேச்சுவார்த்தை அற்றுப்போகும். அந்த வரிசையில் முதல் ஆளாக, கூலிங்கிளாஸ் போட்ட சுருளியின் படத்தை வைத்திருந்தான். அவர் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று என்னிடம் சிரித்தான். இன்னும் ஆட்டமே நடக்கவில்லையடா கிறுக்கா என்றேன். என் பிள்ளை தோற்கும் என்கிறாயா என்று என் மேலேயே பாய்ந்தான்.

மோட்டார் ரூம் பக்கத்தில்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். அவனும் பஞ்சம்மாளும் நானும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தோம். கடைசியில் கேரளா அறுபத்தொன்று, நாம் அறுபது. முடியப்போகிற நேரத்தில் மகாவை இடித்துத் தள்ளிவிட்டார்கள், அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் மறிக்காமல் நின்று போடலாம், பந்துக்கு ஒரு புள்ளி. இரண்டும் விழுந்தால் தங்கம். ஒன்று விழுந்தால் கூடுதல் நேரம். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் உள்ளே போடுகிற பிள்ளை அது. முதல் பந்து வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

வெள்ளி. இந்தியாவிலேயே இரண்டாவது இடம். ஓடைப்பட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மேளம் வைத்து அழைத்து வந்திருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாப்பில் தங்கம் தொங்கும்போது வெள்ளி யார் கண்ணுக்குத் தெரியும்? அதைத் தோல்வியாக்கி வைத்தவன் பெற்ற அப்பன்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன், பஞ்சம்மாள் பக்கத்தில் இருந்ததால் விட்டேன்.

அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்து பிளக்ஸை இறக்கினோம். டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சுருளி போனில் கூப்பிட்டு, தன் முகத்தையும் சேர்த்து நாறடித்துவிட்டதாக ஏசினார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகா போனில் அம்மாவிடம் பேசும்போது, இனி விடுதிக்குப் போக மாட்டேன், பந்தையே தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒச்சாண்டி ஆடிப்போய்விட்டான். கோச் சரியில்லை, ரெபரி சரியில்லை, அந்த ஊர்ச் சாப்பாடு சரியில்லை என்று வரிசையாகப் பழி போட்டான். எப்படியாவது பேசி அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், பிளக்ஸ் சங்கதி மட்டும் அவள் காதுக்குப் போய்விடக் கூடாது. அதற்காக டீக்கடை வரைக்கும் போய்க் கெஞ்சிவிட்டு வந்தான்.

மதுரையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி மகா வந்து சேர்ந்தாள். அப்போது நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பஞ்சம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள், பிள்ளை தட்டில் கை வைக்கவில்லை. ஒச்சாண்டி பக்கத்தில் உட்கார்ந்து, யோசித்து வைத்திருந்ததை ஆரம்பித்தான்.

“அந்த ரெபரி கண்ணு அவிஞ்சு போனவன் ஆத்தா. அதுக்கு நீ என்ன செய்வ? அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்.”

“ரெபரி ஒண்ணும் செய்யலப்பா,” என்றாள் மகா. “மேச்சுக்குக் கெளம்புறப்ப சுருளி மாமா பிளக்ஸ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாக. அவுக படம் மொதல்ல இருக்குன்னு ஒரே சந்தோசம். நம்ம ஆளுக எல்லாத்துக்கும் அனுப்பிட்டாகளாம்.”

ஒச்சாண்டி என்னைப் பார்த்தான். 

“ஃப்ரீ த்ரோ போட நிக்கிறேன், வளையமே தெரியல. அந்த எழுத்துதேன் தெரிஞ்சுச்சு. விழுகலேன்னா அத யாரு அவுக்கிறதுன்னு நெனச்சேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.  மெடலையாவது காட்டு ஆத்தா என்று ஒச்சாண்டி தாழ்ந்த குரலில் கேட்டான். பையில் துணிகளுக்கு அடியில் கிடந்ததை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நீங்க எழுதுனது இது இல்லப்பா,” என்றாள்.