பெரியப்பா பேசி வாங்கிய பரீட்சை

ரிப்போட் கொடுக்கும் நாள் என்றால் எனக்கு முதல் நாளே தலைவலி பிடித்துவிடும். இத்தனை வருடம் படிப்பித்தும் அந்தத் தலைவலி என்னை விடவில்லை. வகுப்பறை வாசலில் தாய்மார் வரிசையாக நிற்பார்கள். பாதிப் பேர் தேயிலை மலையிலிருந்து வேலையோடு நேரே வந்திருப்பார்கள். உங்கள் பிள்ளை கணிதத்தில் இப்படி, விஞ்ஞானத்தில் இப்படி என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அவர்களும் "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று தலையாட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். யாராவது ஒருத்தர் என்னோடு சண்டைக்கு நின்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அலுப்பில் நினைத்துக்கொள்வேன். ரிப்போட்டுக்காகச் சண்டை பிடித்த ஒரே ஒரு மனிதரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவர் என் பெரியப்பா.

அப்போது நாங்கள் பெல்மதுளை ரோட்டிலிருந்து உள்ளே ஏறிப்போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒற்றை அறை வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தில் எங்கள் காம்பராவும் பெரியப்பாவின் காம்பராவும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் இருந்த சுவரும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா "நூறு வயசு" என்பாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரைக்கு ஒருமுறை வந்துபோவார். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். அக்காவும் பெரியப்பாவின் மகனும் டவுன் தமிழ்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. அவனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் அது ஓ.எல். என்கிற அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டிய வருடம். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பில் இருந்தேன்.

இரண்டு பேருக்கும் கணக்கு வராது. வராததில் அதிசயமும் இல்லை. அதற்கு முந்திய இரண்டு வருடம் அந்தப் பள்ளியில் கணக்குக்கு வாத்தியாரே கிடையாது. விளையாட்டு வாத்தியார் வந்து பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவாராம். சாயந்திரம் இருவரும் எங்கள் வீட்டு வாசலில் பாயைப் போட்டு உட்கார்வார்கள். அக்கா அழுதுகொண்டே கணக்குச் செய்வாள். அண்ணன் சிரித்துக்கொண்டே பிழையாகச் செய்வான். பிறகு அவள் அழுவதைப் பார்க்க முடியாமல், தன்னுடையதை விட்டுவிட்டு அவளுடைய கணக்கையும் பிழையாகச் செய்து கொடுப்பான்.

முதலாம் தவணை ரிப்போட் வந்தது. கணிதத்துக்கு நேரே சிவப்பு மை. அக்காவுக்கு இருபத்து நாலு, அண்ணனுக்கு இருபத்தெட்டு. முப்பதுக்குக் கீழே எடுத்தவர்களைப் பள்ளி மூலம் இந்த வருடம் பரீட்சைக்கு அனுப்புவதில்லை, அவர்கள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்க வேண்டும், பெற்றோர் வந்து பள்ளி அதிபரைப் பார்க்கவும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளியிலிருந்து தனியாகவும் எழுதலாம் என்றார்கள். அப்படித் தனியாக எழுதிய ஒரு ஆளை எங்கள் தோட்டத்தில் எவரும் கண்டதில்லை.

இன்னொரு வருடம் என்பது அக்காவுக்குக் கிடையாது. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஒரு அம்மாள் அதற்குள் இரண்டு தரம் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தாள். அப்பாவும் சம்மதித்துவிட்டார். பரீட்சை எழுதுகிறதாக இருந்தால் எழுதட்டும், இல்லையென்றால் சும்மா வீட்டில் வைத்திருக்க முடியாது என்பது அவருடைய பேச்சு. கீழ் லயத்திலிருந்து அப்படிப் போன ஒரு அக்கா, தலைமுடியை ஒட்ட வெட்டிய கோலத்தில் தீபாவளிக்கு வந்து, யாரோடும் பேசாமல் திரும்பிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

ரிப்போட் வந்த அன்று மலையிலிருந்து திரும்பிய அம்மா கூடையை இறக்கினாள், காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தாள், ரிப்போட்டைக் கையில் வாங்கினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு மை தெரியாதா? அவள் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டும். அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "இந்த ஒரு பரீட்சைய மட்டும் எழுதவிட்டா போதும் சாமி" என்றாள். அவள் சொன்னது சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வாசலில் வந்து நின்று, "ரெண்டு புள்ளைக்கும் நானே போய் பேசிட்டு வாரேன்" என்றார்.

பெரியப்பா தோட்டத் தலைவர். தொழிலாளர் சங்கத்தின் சார்பில், தோட்டத்தை நிர்வகிக்கிற துரையோடு பேசுகிறவர். புதன்கிழமைகளில் வெள்ளைச் சாரம் உடுத்து, சட்டைப் பையில் பேனா செருகி ஆபீசுக்குப் போவார். அவருக்கு ஒரு முறை உண்டு. பத்து கேட்பார், துரை மூன்று கொடுப்பார், பெரியப்பா லயத்துக்கு வந்து ஆறு வாங்கிவிட்டேன் என்பார். ஒன்றுமே இல்லாததற்கு மூன்று பெரிது என்று எல்லோரும் கை தட்டுவார்கள். எதைப் பேசினாலும் பேசியே வாங்கலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அவர் டவுன் பள்ளிக்குப் புறப்பட்ட அன்றைக்கு எங்கள் தோட்டத்துப் பள்ளியில் இருந்த ஒரே வாத்தியாரும் லீவு. என்னை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அம்மா பெரியப்பாவோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். அக்காவும் அண்ணனும் வழக்கம்போல் காலைப் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் வகுப்பில் இருந்தார்கள்.

அதிபர் பதுளைப் பக்கத்துக்காரர். மேசை நிறைய ரிப்போட். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. பெரியப்பா உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், மொதல்ல இந்த மார்க்கப் பத்திப் பேசுவோம். இருவத்தி நாலுங்கிறீங்க. இதுல எவ்வளவு கழிச்சீங்க?"

"கழிக்கிறதா?" என்றார் அதிபர்.

"மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்போ கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கப்பிள்ளை கழிப்பாருங்க. நாங்க போய் கேட்டா பாதியத் திருப்பிப் போட்டுக் குடுப்பாரு. அது மாதிரி நீங்க எதுக்கு எவ்வளவு கழிச்சீங்கன்னு சொன்னா பேசிக்கலாம்ல?"

அதிபர் சிரிக்கவில்லை. சிரிக்கவும் அவருக்குத் தெம்பு இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். புதிதாக வந்திருந்த கணக்கு வாத்தியாரை விடைத்தாள்களோடு கூப்பிட்டனுப்பினார். மீசை அப்போதுதான் முளைத்த சின்னப் பையன் போல் இருந்தார் அந்த வாத்தியார். பெரியப்பா அவரிடம், கண் முன்னால் மறுபடி நிறுத்துக் காட்டச் சொன்னார். வாத்தியாரும் பாவம், அக்காவின் தாளை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நான்தான் பிழையா கூட்டியிருக்கேன் சார். இருவத்திரெண்டுதான் வருது" என்றார்.

"சரி சரி, பழைய நிறுவையே இருக்கட்டும்" என்று பெரியப்பா தாளை அவசரமாக மூடினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஆளுக்குப் பத்துப் புள்ளி கூட்டிக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றதும் எட்டுக்கு இறங்கினார். மார்க்கே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் விடுங்கள் என்றார். இரண்டு வருடம் வாத்தியாரே இல்லாமல் வைத்திருந்துவிட்டு இப்போது பிள்ளைகளைக் குற்றம் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார். அதைக் கேட்டதும் அதிபர் ரிப்போட்டுக் கட்டை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைத்தார். கடைசியில் பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"தொரைகிட்டன்னா நாளைக்கு மலைக்கு எறங்க மாட்டோம்னு சொல்லிட்டு எழும்பிருவேன் சார். இங்க என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பள்ளியில் பரீட்சை சித்தியடைகிறவர்கள் குறைந்து போனார்களென்று தனக்கும் மேலிடத்தில் ஏச்சுத்தான் என்றார். பிறகு, தன் பொறுப்பில் ஒரு பிள்ளையை வேண்டுமானால் அனுப்புவதாகச் சொன்னார். "ஒரே குடும்பத்துல ரெண்டு பேர விட்டா மத்த பெத்தவங்க என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிருவாங்க தலைவரே. ஒண்ணுதான். மார்க்குப்படி பாத்தா ஒங்க மகன்."

பெரியப்பா தண்ணீர் கேட்டார். வாங்கி முழுக்கக் குடித்தார். அப்புறமும் கொஞ்ச நேரம் வெறும் கிளாசைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மைதானத்தில் விளையாட்டு வாத்தியாரின் விசில் கேட்டது.

"தம்பி மகள எழுத விடுங்க சார்" என்றார்.

"ஒங்க மகனுக்குத்தானே மார்க்கு கூட?"

"எம்புள்ளைக்கு வாங்கிக்கிட்டு, தம்பி மகளுக்கு இல்லேன்னு போய் லயத்துல எந்த மூஞ்சோட நிப்பேன்? அவன் ஆம்பளப்புள்ள, எங்கயாச்சும் பொழச்சுக்குவான். அந்தப் புள்ளைக்கு இத விட்டா கொழும்பு வீட்டு வேலதான் சார்."

இரண்டு ரிப்போட்டிலும் கையெழுத்து வைத்தார். அண்ணனுடையதில் வைக்கும்போது பேனா எழுதவில்லை போலும், உதறி உதறி வைத்தார். பிறகு சந்திப் பேக்கரியில் எனக்கு இனிப்புப் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "தலைவர் மாத்தயா, கொஹொமத?" என்று சுகம் விசாரித்ததற்கு வழக்கமாகச் சிங்களத்தில் நீட்டி முழக்குகிறவர், "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. கையில் பணிஸ் இருந்தது, மனம் நிறையச் செய்தி இருந்தது.

அம்மா பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து வந்திருந்தாள். "ஒம்மகளுக்கு வாங்கிட்டேன்" என்று பெரியப்பா வாசலிலிருந்தே சொன்னார். அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "அப்ப ஒங்க மகனுக்கு?" என்று கேட்டாள். பெரியப்பா தன் காம்பராவுக்குள் போனார். அந்தப் பக்கம் ஏதோ பேச்சு நடந்தது. பெரியம்மாவின் குரல் ஒருமுறை பெரிதாக எழும்பி, உடனே நின்றுவிட்டது. அன்று பெரியம்மா எங்கள் பக்கம் வரவே இல்லை. அவளுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்துப் போக்குப் பாலத்தில் போய்க் காத்திருந்தேன். பள்ளி விட்டு அண்ணன் முதலில் வந்தான். அக்கா தோழிகளோடு வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். என் கணக்கில் பரீட்சை என்பது ஒரு தண்டனை. ராத்திரி விளக்கு, அழுகை, அம்மாவின் பெருமூச்சு, சிவப்பு மை. அக்கா பாவம், மாட்டிக்கொண்டாள். அண்ணன் தப்பிவிட்டான். இவ்வளவு நல்ல செய்தியை அவனிடம் முதல் ஆளாகச் சொல்லப்போவது நான்தான் என்று ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"அண்ணே, ஒனக்கு பரீட்சையே கெடையாது! அக்காதான் எழுதணும். மொத ஒன்னயத்தான் எழுதச் சொன்னாங்க, பெரியப்பாதான் வேணாம்னு பேசி ஒன்னயத் தப்பிக்க வச்சாரு!"

அண்ணன் நின்றான். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னான். நான் அதிபரைப் போலக் கண்ணாடி துடைத்தும், பெரியப்பாவைப் போலத் தண்ணீர் குடித்தும் நடித்துக் காட்டினேன். இருபத்திரண்டு வந்த இடத்தில் அவன் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

"அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அவன் திரும்பி அக்கா வருகிற வழியைப் பார்த்தான். குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கக்காகிட்ட இதெல்லாம் சொல்லாத குட்டி. எனக்கே படிப்பு வெறுத்துப்போச்சு, நானே நின்னுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்கக் கூடாது" என்றான்.

அடுத்த வாரமே அவன் மாணிக்கக் கல் தோண்டும் குழி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுப் பெரியவர்களும் அவன் சொன்னதையே அக்காவிடம் சொன்னார்கள். தன்னைக் கணக்கோடு தனியே விட்டுவிட்டு ஓடிப்போன சோம்பேறி என்று அக்கா மாதக்கணக்கில் அவனோடு பேசவில்லை. டிசம்பரில் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் சாதாரண சித்தி, வெறும் பாஸ். அந்தக் கொழும்பு அம்மாள் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க வரவில்லை. அக்கா இன்று ஒரு தபால் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறாள். நல்ல நாள் பெருநாளில் எல்லோரும் கூடினால், "நீ மட்டும் அன்னிக்கி நிக்காம இருந்திருந்தா" என்று இன்னும் அவனை ஏசுவாள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

அன்று அந்தப் போக்குப் பாலத்தில் வைத்து எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு நேரம் தொண்டை வற்ற வாதாடி, கிளாஸ் கிளாசாகத் தண்ணீர் குடித்துப் பெரியப்பா அவனுக்கு வாங்கிக் கொடுத்த விடுதலையை, இவன் சும்மா வந்து, நானே நின்றுவிட்டேன் என்று தன் பெயரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறானே, என்ன மனிதன் இவன் என்று பொருமினேன். வீடு வந்து சேரும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.